கறிக்கோழிக் காலம்

ஏப்ரல் 14

எங்கள் கொட்டகைக் கோழிகள் ஒன்றரைக் கிலோவைத் தாண்டிவிட்டன. வெயில் நூற்றாறைத் தாண்டிவிட்டது.

இந்த டைரி தீவனக் கம்பெனிக்காரர்கள் ஜனவரியில் கொடுத்தது. அப்பாவுக்கு எழுத நேரமில்லை. எனக்குப் பேச வராது. அதனால் என்னிடம் வந்துவிட்டது. மூன்று மாதம் சும்மா கிடந்தது. இன்றைக்கு எழுத ஒரு விஷயம் கிடைத்தது.

கிட்டுசாமி பெரியப்பாவின் தோட்டத்தில், மோட்டார் ரூமை ஒட்டிய அறையில் ஓர் அக்கா வந்து தங்கியிருக்கிறார். பெயர் பெனிட்டா. தூத்துக்குடிப் பக்கம். கோயம்புத்தூரில் ஆராய்ச்சி படிக்கிறார். பல்லடத்தைச் சுற்றியுள்ள கோழிப் பண்ணைகளில் பழைய கழிவுக் குழிகளைத் தோண்டிப் பார்க்க வேண்டுமாம். அப்பாவிடம் அனுமதி கேட்க வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"குழிக்குள்ள என்னங் அம்மிணி, பொதையலா இருக்குது?"

"எலும்பு இருக்கும்லாண்ணே."

பூமியின் வயதைப் பாறை அடுக்குகளை வைத்துக் காலம் காலமாகப் பிரித்திருக்கிறார்களாம். மனிதர்கள் செய்த வேலையால் இப்போது ஒரு புதுக் காலமே தொடங்கிவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். சிலர் இல்லை என்கிறார்கள். அக்கா சொன்னார், "பெரிய பெரிய ஆளுக கூடி ஓட்டுப் போட்டாங்கண்ணே. இப்போதைக்கு இல்லைன்னு முடிவாயிருச்சு."

"காலத்துக்கு ஓட்டுப் போட்டாங்களா? அப்ப அது டெபாசிட் எழந்துபோச்சுன்னு சொல்லுங்க."

அக்கா சிரித்துவிட்டார். "ஆனா சண்டை ஓயல. நம்ம காலத்துக்கு அடையாளமா மண்ணுல என்ன மிஞ்சும்னு தேடுதாங்க. சிமெண்டு, பிளாஸ்டிக், சாம்பல். அப்புறம் கறிக்கோழி எலும்பு. இதுக்கு முன்னால எந்தக் கோழிக்கும் இம்புட்டுத் தடிமனா எலும்பு கெடையாது. இத்தனை கோடிக் கோழியும் கெடையாது."

"அப்ப லச்சம் வருசங் கழிச்சுத் தோண்டுனாலும் என்ற கோழி இருக்கும்ங்றீங்க?"

"இருக்கும்."

அப்பாவுக்கு அது பிடித்துப்போய்விட்டது. தோட்டத்தில் எங்கே வேண்டுமானாலும் தோண்டிக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 16

மதியம் மூன்று தடவை கரண்ட் போனது. அம்மாவுக்கு இளைப்பு அதிகம். தீவனம் நான்தான் போட்டேன்.

ஏப்ரல் 17

இன்றைக்கு எழுத்து கிறுக்கலாகத்தான் வரும்.

மதியம் போன கரண்ட் சாயங்காலம்தான் வந்தது. மின்விசிறி நின்றது, மேலே பன்னீர் மாதிரி தண்ணீர் தெளிக்கும் குழாயும் நின்றது. கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு இறக்கையை விரித்தன. பிறகு எல்லாம் கிழக்குச் சுவர்ப் பக்கம் ஓடி ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. அடியில் இருந்தவை முதலில் செத்தன. அம்மா குடத்தில் மொண்டு மொண்டு ஊற்றினாள். அப்புறம் அம்மாவாலும் மூச்சு விட முடியவில்லை. அவளை வெளியே இழுத்து உட்காரவைத்துவிட்டு நான் உள்ளே போனேன். உயிரோடு இருந்ததைப் பிரிப்பதா செத்ததைப் பொறுக்குவதா என்று தெரியவில்லை. ஒரு கோழி என் காலில் சாய்ந்துகொண்டே செத்தது.

பாதிக்கு மேல் போய்விட்டன. குஞ்சும் தீவனமும் கொடுக்கும் கம்பெனியின் சூப்பர்வைசர் போனில் அப்பாவிடம் கத்தினார். போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, ஊரை விட்டுத் தள்ளிக் கொண்டுபோய்ச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டுமாம்.

"டிராக்டர்க்காரன் நோம்பிக்குப் போயிட்டானுங்க சார். ஊரே கோயில்ல இருக்குதுங்க."

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 18

மாரியம்மன் கோயிலில் மாவிளக்கு. எல்லோரும் போனார்கள். அம்மாவால் நடக்க முடியாததால் நாங்கள் போகவில்லை.

கோழிகளை டிராக்டரில் ஏற்றி அனுப்பிவிட்டதாக யார் கேட்டாலும் சொல்ல வேண்டும் என்று அப்பா சொன்னார். நான் யாரிடம் சொல்லப்போகிறேன்?

ஏப்ரல் 19

நேற்று எழுதாததை எழுதுகிறேன்.

டிராக்டர் வரவில்லை. வாடை ஆரம்பித்துவிட்டது. ஊர் கோயிலில் இருந்தபோது அப்பாவும் நானும் தீவனச் சாக்குகளில் கோழிகளை அடைத்துக் கட்டினோம். கொட்டகை கட்ட மண் எடுத்த பழைய குழி கிணற்று மேட்டில் இருக்கிறது. அதில் போட்டு மண்ணைத் தள்ளினோம். மேலே காய்ந்த சோளத்தட்டைப் பரப்பினோம்.

"மண்ணுல போட்டா மண்ணாப் போயிரும் கண்ணு," என்றார் அப்பா. நான் கேட்கவே இல்லை. அவராகத்தான் சொன்னார்.

ஏற்கெனவே ஈ மொய்க்கிறது என்று பஞ்சாயத்தில் எங்கள் மேல் புகார் இருக்கிறது. இது தெரிந்தால் கொட்டகைக்குச் சீல் வைப்பார்கள். குத்தகைக்கு எடுத்த கொட்டகை. எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை.

ஏப்ரல் 22

அந்த மேட்டை ஒட்டிய கிணறு கிட்டுசாமி பெரியப்பாவுடையது. ஆயிரம் அடி போர்வெல் வற்றிப்போனதிலிருந்து நாலு வீட்டுக்கும் அதுதான் குடிதண்ணீர். அவர் வீடு, எங்கள் வீடு, கலாமணி அக்கா வீடு, அப்புறம் பெரியப்பாவின் தறிக் கொட்டகையில் வேலை செய்யும் ஒரிசாக்காரர்கள் வீடு. அந்த வீட்டில் சுமித்ராவும் அவள் புருஷனும் இருக்கிறார்கள். சுமித்ராவுக்குத் தமிழ் அவ்வளவாக வராது. எனக்கும் பேச வராது. அதனால் கிணற்றடியில் நாங்கள் சிரித்துக்கொள்வோம்.

இன்று பெனிட்டா அக்காவுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். பழைய குழிகளிலிருந்து எடுத்த எலும்புகளைத் துணியில் காயவைத்திருந்தார். ரொம்ப நேரம் நின்றேன். பிறகு கேட்டேன்.

"சாக்குல கட்டிப் போட்டா எத்தன நாள்லீங் அக்கா மக்கும்?"

"ஆ, பேசிட்டியே பிள்ள!" என்றார். "தீவனச் சாக்கா? அது பிளாஸ்டிக்லா. மக்காது. உள்ள இருக்க சதை அழுகித் தண்ணியா கீழ எறங்கிரும். எலும்பும் சாக்கும் கெடக்கும்."

"எங்கீங் எறங்கும்?"

"பள்ளம் எங்க இருக்கோ அங்க." என்னைப் பார்த்தார். "எதுக்குக் கேக்க?"

"சும்மாங்."

வரும் வழியில் மேட்டிலிருந்து கிணறுவரை பார்த்துக்கொண்டே வந்தேன். சரிவுதான். பந்தை வைத்தால் தானே உருண்டு போகும்.

ஏப்ரல் 24

அம்மாவுக்கு இளைப்பு இருப்பதால் இனி எங்கள் வீட்டுக்கு மட்டும் கேன் தண்ணீர் வாங்கலாம் என்று அப்பா சொன்னார். டாக்டர் சொன்னாராம். டாக்டரிடம் போனபோது நானும் இருந்தேன். தூசி ஆகாது, பண்ணைக்குள் போகக் கூடாது என்றுதான் சொன்னார். நான் கவனிக்காதபோது சொல்லியிருப்பார்.

ஏப்ரல் 26

கோடை மழை. ஒரு மணி நேரம் கொட்டியது. கலாமணி அக்கா மகள் தன்ஷிகா வாசலில் குதித்தாள். மூன்று வயது. என்னைப் பார்த்தால் "மேகா, மேகா" என்பாள். மேகலா என்று முழுதாகச் சொல்ல வராது. எனக்கு மழை பிடிக்கவில்லை. மேட்டிலிருந்து தண்ணீர் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 28

தன்ஷிகாவுக்கு வாந்தி, பேதி. பல்லடம் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள்.

"ஐஸ் தின்னு போட்டா. அவிங்கப்பன்தான் வாங்கிக் குடுத்தது," என்றார் துணி எடுக்க வந்த கலாமணி அக்கா. "எனக்கொரு கொடம் தண்ணி சேந்திக் குடு கண்ணு. ஆஸ்பத்திரித் தண்ணி வாயில வெக்க முடியல."

சேந்திக் கொடுத்தேன். மூன்று பாட்டில்களில் ஊற்றியும் கொடுத்தேன். மூடியை இறுக்கி மூடினேன்.

ஐஸாகத்தான் இருக்கும்.

ஏப்ரல் 30

சுமித்ராவின் புருஷனுக்கும் வயிற்றுப்போக்கு. அவர் ஐஸ் தின்னவில்லை.

கலாமணி அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து குளிக்க வந்திருந்தார். அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். போகும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கிணத்துத் தண்ணி வேண்டாங்க்கா. மூன்றே வார்த்தை.

"என்ன கண்ணு?"

"அக்கா... உப்பு இருக்குதுங்களா?"

ஒரு கிண்ணம் உப்போடு வந்தேன். எங்கள் வீட்டில் இரண்டு பாக்கெட் உப்பு இருக்கிறது. அம்மா கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

ஒன்பதாவதில் பள்ளிக்கூடத்தை நிறுத்தியதுகூட நல்லதுக்குத்தான். எழுந்து வாசிக்கச் சொன்னால் எனக்குக் கண் இருட்டும். நானாகத்தான் நின்றேன். அந்த மாதம் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள், கொட்டகைக்குப் புதுக் குஞ்சு வந்திருந்தது என்பதெல்லாம் வேறு விஷயம்.

மே 1

பெனிட்டா அக்கா கிணற்று மேட்டுக்கு வந்தார். தோளில் கடப்பாரை. சோளத்தட்டுப் பக்கம் நின்றார். அவரே தோண்டிவிட்டால் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. சாமியை வேண்டிக்கொண்டேன்.

காலால் சோளத்தட்டை விலக்கி மண்ணைத் தொட்டுப் பார்த்தார். "இது புது மண்ணு. இப்பத்தான் யாரோ கெளறிருக்காங்க. எனக்குப் பழசுதாம்ட்டி வேணும்," என்று அந்தப் பக்கம் போய்விட்டார்.

பின்னாலேயே போய், "அந்தப் புதுக் காலம் நெசமாலுமே வந்துருச்சுங்களா அக்கா?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியலட்டி. நம்ம போட்டது எதுவும் இல்லாமப் போவாதுன்னு மட்டும் தெரியும். மிச்சத்தக் கல்லுதான் சொல்லணும். அதுக்கு லட்சம் வருசம் ஆவும்."

அவருக்கு அவசரமில்லை. நாளைக்குத் தன்ஷிகாவை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

மே 2

காலையில் கிணற்றில் ஒரு செத்த கோழி மிதந்தது.

எங்கள் ஊர்ப் பக்கம் கிணற்றில் ஏதாவது விழுந்து செத்துவிட்டால் ஒருவரும் அந்தத் தண்ணீரைத் தொட மாட்டார்கள். முழுவதும் இறைத்து, சேறு வாரி, மஞ்சள் கரைத்து ஊற்றிய பிறகுதான் குடிப்பார்கள். கிட்டுசாமி பெரியப்பா கயிற்றையும் வாளியையும் எடுத்து வைத்துவிட்டார். பஞ்சாயத்தில் சொல்லி நாலு வீட்டுக்கும் லாரித் தண்ணீர் வரவழைத்தார்.

யார் போட்டது என்று எல்லோரும் கேட்டார்கள். நானும் கேட்டேன்.

இன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

மே 3

சுமித்ரா போட்டதாகச் சொல்கிறார்கள்.

"செத்த கோழியச் சும்மா கெடைக்குதுன்னு வாங்கியாந்திருப்பா. நாத்தம் அடிச்சதும் கெணத்துல வீசிப்போட்டா. வேற எவ இப்படிச் செய்யுவா?" என்றார் கிட்டுசாமி பெரியப்பா. "புதன்கெழம வீட்டக் காலி பண்ணிப்போடோணும். தறிக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

சுமித்ரா எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன சொல்கிறார்கள் என்று பாதிதான் புரிந்தது. "நான் இல்லே, நான் இல்லே," என்றாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள்.

கோழியைப் போட்டது நான். விடியற்காலையில் கொட்டகையில் செத்துக் கிடந்த ஒன்றை எடுத்துக்கொண்டு போய்ப் போட்டேன். ஒரு வார்த்தை பேசாமல் எல்லோரையும் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். இங்கே எழுதிவிட்டேன். எழுதுவதற்குச் சத்தம் வேண்டியதில்லை.

மே 4

சொல்லிவிட்டேன்.

கிணற்றடியில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நான் முதலில் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். பெரியப்பா மோட்டாரை நிறுத்திவிட்டு, "என்ன?" என்றார்.

"நாந்தானுங்க கோழியப் போட்டேன். அந்தக்கா இல்லைங்க."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கண் இருட்டிக்கொண்டு வந்தது. கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் போட்ட?"

வாய் திறந்தது. அப்பா எதிரில் நின்றிருந்தார். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. அப்படி அவரைப் பார்த்ததில்லை. கரண்ட் போன அன்றைக்குக்கூட இல்லை.

வாயை மூடிக்கொண்டேன்.

"வெயில்ல மண்ட காஞ்சு போச்சுங்க புள்ளைக்கு," என்றார் அப்பா. "அத்தன கோழி கண்ணு முன்னால செத்துதுங்களா, அதுலிருந்தே ஒரு மாதிரியாத்தான் இருக்கறா."

"பேசாத புள்ளைன்னு பாத்தா, காரியம் பண்ணுது பாரு," என்று யாரோ சிரித்தார்கள். பெரியப்பாவும் விட்டுவிட்டார். "சரி போ. நாளைக்குக் கெணறு சுத்தமாயிரும்." சுமித்ராவைப் பார்த்து, "நீ இருந்துக்க," என்று கையைக் காட்டினார். அவள் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கூசியது.

சாயங்காலம் அப்பா எனக்குப் பரோட்டா வாங்கி வந்தார். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "அதோட நிறுத்திக்கிட்ட பாரு, அது போதும் கண்ணு," என்றார்.

பரோட்டாவைச் சாப்பிட்டேன்.

எனக்கு இருந்த குரலெல்லாம் இன்றைக்கே தீர்ந்துவிட்டது. ஆனால் நாளைக்கு அவர்கள் குடிப்பார்கள்.

மே 5

கிணறு நன்றாக ஊறிவிட்டது. தண்ணீர் தெளிவாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. மஞ்சள் கரைத்து ஊற்றி, சூடம் காட்டினார்கள். பெனிட்டா அக்காவும் வந்து நின்றார்.

முதல் வாளியைப் பெரியப்பாவே சேந்தினார். தன்ஷிகா தன் அம்மா இடுப்பில் இருந்தாள். முகம் சிறுத்துப்போய், கையில் ஊசி குத்திய இடத்தில் இன்னும் பஞ்சு. "மேகா," என்றாள். கலாமணி அக்கா டம்ளரில் மொண்டு முதலில் அவள் வாய்க்குத்தான் கொண்டுபோனார்.

டம்ளரைப் பிடுங்கிக் கொட்டிவிட்டேன்.

"ஏய்! பைத்தியமா புடிச்சிருக்குது?" என்றார் கலாமணி அக்கா. தன்ஷிகா அழ ஆரம்பித்தாள்.

"குடிக்காதீங்க. மேல குழியில செத்த கோழி இருக்குதுங்க. எல்லாம். அத்தனையும். டிராக்டர் வரவே இல்லைங்க. நானும் அப்பாவும்தான் பொதச்சோம். அதுதானுங்க இதுல எறங்குது."

அப்பா, "அவளுக்குத்தான் மண்ட காஞ்சு..." என்று ஆரம்பித்தார்.

"புள்ள சொல்றது நெசமுங்க," என்று பின்னாலிருந்து சத்தம். அம்மா வீட்டிலிருந்து அங்கேவரை நடந்து வந்திருந்தாள். அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெனிட்டா அக்கா ஓடிப்போய் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

கலாமணி அக்கா அப்பாவைப் பார்த்துக் கேட்டது மட்டும் காதிலேயே நிற்கிறது. "ஏனுங்கண்ணா, நீங்க மட்டும் கேன் தண்ணி வாங்கிக் குடிச்சீங்களே?"

அப்பா கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மே 7

கொட்டகைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். மிச்சக் கோழிகளைக் கம்பெனி வந்து அள்ளிக்கொண்டது. இனிக் குஞ்சு தர மாட்டார்களாம். அப்பா என்னிடம் பேசவில்லை. அம்மா இன்றைக்குத் தொடர்ந்து ஆறேழு மணி நேரம் தூங்கினாள்.

மே 9

பஞ்சாயத்து சொன்னபடி குழியைத் தோண்டினோம். நாங்கள் மூன்று பேர். அம்மா இல்லை, பெனிட்டா அக்கா வந்தார். எங்களைக் கேட்காமலே துணியை மூக்கில் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். சுமித்ராவின் புருஷன் சாப்பாட்டு நேரத்தில் வந்து ஒரு கை கொடுத்தார்.

சாக்குகள் அப்படியே இருந்தன. மேலே அச்சடித்த சேவல் படத்தில் சிவப்புகூட மங்கவில்லை. உள்ளே சதை பாதி போயிருந்தது. எலும்புகள் வெள்ளையாக, புதுசாக இருந்தன. தூக்கும்போதெல்லாம் அடியிலிருந்து சொட்டியது. அப்பா ஒவ்வொரு சாக்கையும் தானே தூக்கி டிராக்டரில் போட்டார். எங்களைத் தொட விடவில்லை.

"உங்க ஆராய்ச்சிக்கு வேணும்னா எடுத்துக்கங்க அம்மிணி," என்றார் ஒரு தடவை. கேலியா என்று தெரியவில்லை.

"வேண்டாம்ணே," என்றார் அக்கா. அவர் கண் கலங்கியிருந்தது. வாடையாலும் இருக்கலாம்.

டிராக்டர் நிறைந்த பிறகுதான் எல்லோருக்கும் ஒன்று தோன்றியது. இதை எங்கே கொண்டுபோவது? கம்பெனிக்காரர்கள் புதைக்கும் குழி நிரம்பிவிட்டதாம். நகராட்சிக் குப்பை மேட்டில் செத்ததை எடுக்க மாட்டார்களாம். கழிவு எரிக்கிற இடத்துக்காரர்களுக்கு எங்கள் பெயரே பிடிக்கவில்லை. ஊருக்கு வெளியே தரிசாகக் கிடப்பதெல்லாம் யாரோ ஒருவருடைய நிலம்தான்.

அப்பா வண்டி நிழலில் உட்கார்ந்து தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்தார். சாக்கில் இருப்பது தோல் என்று முதலில் சொன்னார். அப்புறம் உரம் என்றார். ஊரெல்லாம் விஷயம் பரவியிருந்தது. ஒவ்வொருவரும் அவர் குரலைக் கேட்டதுமே வைத்துவிட்டார்கள். நான் தள்ளி நின்றிருந்தேன்.

ரொம்ப நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். நாலு நாளில் முதல் தடவை. போனை நீட்டினார்.

"நீ பேசு கண்ணு. இனி நா என்ன சொன்னாலும் எவனும் நம்ப மாட்டான்."

அவினாசிப் பக்கம் கல்குவாரி வைத்திருக்கும் ஒருவருடைய எண். மணி அடித்தது. எடுத்தவர், "யாருங்க? என்ன வேணும்?" என்றார்.

என் பெயரைச் சொன்னேன். சாக்கில் என்ன இருக்கிறது என்று சொன்னேன். அது மக்காது, அடியில் தண்ணீர் இறங்காத இடமாக வேண்டும், பக்கத்தில் கிணறு இருக்கக் கூடாது என்றும் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். "அப்படி எடம் இந்தப் பக்கம் எங்கம்மா இருக்குது?" என்று வைத்துவிட்டார்.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் இன்னொரு எண்ணைச் சொல்ல ஆரம்பித்தார். நான் அழுத்தினேன்.